ஆடியில் நின்ற வலிப்பு

வலிப்பு வந்து கிடப்பவர் கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்று எங்கள் பக்கத்தில் இன்னும் நம்புகிறார்கள். வீடாக இருந்தால் சாவிக்கொத்தைக் கொடுப்பார்கள். சிவசைலம் விழுந்தது கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில். உடன் இருந்த ஆட்களுக்கு அகப்பட்ட இரும்பு, கொதிக்கிற எண்ணெயிலிருந்து அப்போதுதான் வடையை அள்ளிப் போட்ட ஜல்லிக்கரண்டி. காம்பைப் பிடித்துக்கொண்டு அதன் தலையை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். வலிப்பு அதுபாட்டுக்கு வந்து அதுபாட்டுக்குப் போய்விட்டது. கை வெந்துவிட்டது.

அந்தக் கைக்குக் கட்டுப் போடத்தான் 1994ஆம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் அவர் மனைவி பிரம்மநாயகி என்னைக் கூப்பிட்டாள். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு. காயம், ஊசி, கிடையில் விழுந்தவர்களைத் துடைத்துவிடுவது என்றால் தெருவில் என்னைத்தான் தேடுவார்கள்.

"சிஸ்டர், பைய. அது கை, கத்தரிக்காய் இல்ல" என்றார் சிவசைலம்.

"கத்தரிக்காயா இருந்தா இந்நேரம் நீரே பச்சடி வச்சிருப்பீரு. ஆட்டாம இரும்."

அவர் ஒரு தவசுப்பிள்ளை. கல்யாணச் சமையல்காரரை எங்கள் பக்கத்துச் சைவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பதினைந்து வயதில் ஒரு பெரிய தவசுப்பிள்ளையிடம் தண்ணீர் சுமக்கப் போனவர். பிறகு தேங்காய் துருவி, பிறகு அரைத்து, பிறகு அடுப்பைத் தொட அனுமதி வாங்கி, கடைசியில் தன் பேரில் ஆட்களை வைத்துக்கொண்டார். அவர் சாம்பாரைக் கரண்டியில் எடுத்து வாயில் ஊற்ற மாட்டார். புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவார். அதிலேயே பெருங்காயம் எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லி ஆட்களைத் திட்டுவார்.

சில வருஷங்களுக்கு முன்னால் சைக்கிளில் வந்தபோது ஒரு வேன் தட்டித் தலையில் அடிபட்டது. அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து வலிப்பு. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. குறைந்தது, நிற்கவில்லை. முகூர்த்தம் நெருக்கி வரும் மாதங்களில் ஒரு தடவையாவது விழுவார். அடுப்புக்குப் பக்கத்தில் விழாமல் இருந்தது அதுவரை அதிர்ஷ்டம்தான். எண்ணெய்ச் சட்டியும் கொதிக்கிற அண்டாவும் இருக்கும் இடத்தில் அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு மனிதன் எத்தனை முகூர்த்தம் நிற்க முடியும்?

"அடுத்த தடவை சட்டிக்குள்ளயே விழுந்தா என்ன செய்வீரு?" என்று கேட்டேன்.

"வடை வெந்துதான்னு பாத்துட்டு வருவேன்" என்றார். பிரம்மநாயகி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஆடி பிறந்தது. கட்டு மாற்றப் போன ஒரு நாள் பிரம்மநாயகி சின்னத் தகர டப்பா ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

"சிஸ்டர், இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

நெய் மணத்தது, கருப்பட்டி மணத்தது. அதற்கு அடியில் காய்ந்த புல்லைப் போல ஒரு வாசனை. ஆண்கள் வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும். நோயாளிகள் தலையணைக்கடியில் மறைத்து வைக்கும் பொட்டலத்தின் வாசனை.

"என்ன லேகியம் இது?"

"மேலப்பாளையம் அசன் முகம்மது வைத்தியர் குடுத்தது. சிவமூலியாம்."

"சிவமூலின்னா என்னன்னு தெரியுமா? கஞ்சா."

"ஐயையோ! சிவன் பேரு இருக்கேன்னு அவுக தெனமும் கண்ணுல ஒத்திக்கிட்டுல்லா திங்குதாவ!"

உள்ளே இருந்து சிவசைலத்தின் குரல் வந்தது. "கஞ்சான்னா கஞ்சா. எனக்குத் தெரியும். வைத்தியரு சொல்லித்தான் குடுத்தாரு. ஆடி பொறந்து இன்னைக்கு வரைக்கும் வலிப்பு எட்டிப் பாத்துதா? கேளுங்க சிஸ்டர் அவகிட்ட."

எட்டிப் பார்க்கவில்லை என்பது உண்மைதான்.

எனக்கு அன்று முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. கஞ்சா என்ற பேரைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்கிற ஆள் இல்லை நான். அபினிலிருந்து வந்த ஊசியை என் கையாலேயே எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். ஒரு செடி கெட்ட பேர் எடுத்துவிட்டதால் அதில் மருந்து இருக்காது என்று சொல்ல முடியாது. மருந்து இருக்கிறது என்று வைத்தியர் சொன்னதால் இருந்துவிடவும் செய்யாது. இந்த மனிதருக்கு இது கேட்கிறதா, கேட்கவில்லையா? அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேட்கிறது என்றால் அவர் மறுபடியும் அடுப்படிக்குப் போகலாம். கேட்காமலே கேட்கிறது என்று நம்பிப் போனால் பிணமாகத்தான் தூக்கி வருவார்கள்.

மறுநாள் பிரம்மநாயகியை இழுத்துக்கொண்டு மேலப்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

அசன் முகம்மது வைத்தியர் படித்து முறையாகப் பட்டம் வாங்கியவர். நெடுநெடுவென்று உயரம், வெள்ளைத் தொப்பி. சுக்கும் ஏலமும் வாங்கும் நாட்டு மருந்துக் கடையில்தான் சிவசைலத்துக்கு அவரோடு பழக்கம்.

"இலையா, பூவா?" என்று கேட்டேன்.

"இலை மட்டும்தான்மா. பூவைத் தொட்டா போலீஸ் வரும், நியாயமாவும் வரும். இலையைப் பால்ல அவிச்சு, நெய்யில வறுத்து, மத்த சரக்கோட சேத்தது. சுண்டைக்காய் அளவுதான் திங்கணும்."

"வலிப்புக்குக் கேக்கும்னு நீங்களே பாத்திருக்கீங்களா?"

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அதுவே எனக்குப் பிடித்திருந்தது. "சிலருக்குக் கேட்டிருக்கு. சிலருக்குத் தூக்கம் மட்டும் வந்திருக்கு. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன், பொய் சொன்னா ஹராம்."

"ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தச் சொன்னீங்களா?"

"அல்லா காப்பாத்தட்டும்! நான் எப்பம்மா சொன்னேன்? பத்தியம் சொன்னேன். புளி, கடுகு, கத்தரிக்காய் வேண்டாம், சூடு பண்ணுறது எதுவும் வேண்டாம்னேன்."

பிரம்மநாயகி மெல்லக் கேட்டாள். "மாத்திரை சூடுதானே?"

வைத்தியரும் நானும் அவளைப் பார்த்தோம்.

"இங்கிலீஷ் மருந்து எல்லாம் சூடுதான்னு ஊருக்கே தெரியும்லா. அதான் அவுக காலையில போடுறதை நிறுத்திட்டாவ. ராத்திரி மாத்திரையை நான்தான் சண்டை போட்டுப் போட வச்சேன்."

வைத்தியர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "இத்தனை வருஷமா பத்தியம் சொல்லுதேன். மாத்திரையைச் சூட்டுல சேப்பாங்கன்னு எனக்குத் தோணலையே" என்றார்.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மூர்க்கமாக வரும். விடாமல் வந்து ஆளையே கொன்றுவிடும். வார்டில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் சிவசைலத்தின் எதிரில் நின்று, காலை மாத்திரையை விழுங்கும்வரை நகரவில்லை. "பத்தியம் முறியுது, பத்தியம் முறியுது" என்று புலம்பிக்கொண்டே விழுங்கினார்.

அந்த வாரமே அவரை ஹைகிரவுண்டுக்கும் கூட்டிப்போனேன். நரம்பு டாக்டர் விஜயஸ்ரீ வயதில் சின்னவர், பொறுமையாகக் கேட்கிறவர்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"மளிகை" என்றார் சிவசைலம்.

"என்ன மளிகை?" என்றேன் நான். "கல்யாணத்துக்கு சமைக்காரு டாக்டர். ராத்திரி முழுக்க அடுப்படி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷமா மளிகைன்னுதானே எழுதியிருக்கு? தூக்கம் நல்லா இருக்கான்னு கேக்கும்போதெல்லாம் இருக்குன்னு சொன்னீங்களே?"

"பகல்ல தூங்குவேன்லா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. உண்மையைச் சொன்னால் அடுப்படிக்குப் போகக்கூடாது என்பார்கள் என்று பயந்திருக்கிறார்.

லேகியத்தை நானே எடுத்துக் காட்டினேன். டாக்டர் கோபப்படவில்லை. "இந்தச் செடியில இருந்து பிரிச்ச ஒரு சத்தை வெளிநாட்டுல கொஞ்சம் பேருக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. சிலருக்கு வலிப்பு குறைஞ்சுது, சிலருக்கு ஒரு மாற்றமும் இல்ல. அதே செடியில வேற சத்தும் இருக்கு, அது வலிப்பைத் தூண்டவும் செய்யலாம். இந்த டப்பாவுல எது எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது. மாத்திரையோட சேந்தா மயக்கம் வேற கூடும். நான் இதை எழுதித் தர மாட்டேன்."

"ஆனா நின்னுருக்கே, அம்மா?" என்றார் சிவசைலம். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

"நின்னிருக்கு. எதனாலன்னு எனக்குத் தெரியல" என்றார் டாக்டர்.

அந்தப் பதிலோடுதான் திரும்பி வந்தோம். வைத்தியர் சிலருக்குக் கேட்கும் என்கிறார். டாக்டர் தெரியவில்லை என்கிறார். இரண்டும் நேர்மையான பதில்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சிவசைலமோ நாளுக்கு நாள் தெம்பானார். பத்தியச் சோறும் நெய்யுமாகக் கன்னம் உப்பியது. விளக்கு வைத்ததும் படுத்துவிடுவார், விடிந்துதான் எழுவார். கை ஆறிப் புதுத்தோல் வந்தது. ஒரு நாள் பளபளவென்று சிரித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"ஆவணியில பெரிய கல்யாணம் சிஸ்டர். ரிட்டயர்டு தாசில்தார் சங்கரசுப்பிரமணியன் வீடு. வெத்தலை பாக்கு மாத்திட்டேன்."

வெற்றிலை பாக்கு மாற்றினால் வாக்குக் கொடுத்த மாதிரி. தவசுப்பிள்ளை அதிலிருந்து பின்வாங்கினால் அப்புறம் யாரும் அழைக்க மாட்டார்கள்.

ஆடிப் பதினெட்டுக்குத் தெருக்காரர்கள் எல்லாம் ஆற்றுக்குப் போனோம். தாமிரபரணியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் படித்துறை விளிம்பு வரை ஓடியது. சிவசைலம் புளியோதரையும் தேங்காய்ச் சோறும் கிளறி எல்லோருக்கும் கொடுத்தார். பத்தியம் என்பதால் புளியோதரையை ருசி பார்க்காமல், மணத்தை வைத்தே உப்புச் சொன்னார். பிரம்மநாயகி என் பக்கத்தில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாருங்க சிஸ்டர், எவ்வளவு சொகமா இருக்காவ. போன ஆடிக்கும் இப்படித்தான், இங்கனதான் உக்காந்து எல்லாருக்கும் பரிமாறுனாவ."

"போன ஆடிக்கு லேகியம் கிடையாதே?"

"கிடையாது. ஆடிக்கு ஆடி அவுகளுக்குத் தாவலைதான். வலிப்பு வராது."

நான் சோற்றைக் கீழே வைத்தேன். "மார்கழி?"

"மார்கழியும் வராது. குளிருக்கு ஒடம்பு அடங்கிப் போகும்னு நெனைச்சேன்."

"புரட்டாசி?"

அவள் தண்ணீருக்குள் ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்தினாள். ஆடி, புரட்டாசி, மார்கழி. கல்யாணம் இல்லாத மாதங்கள். தவசுப்பிள்ளை வீட்டில் தூங்கும் மாதங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரே நேரத்தில்தான் புரிந்தது என்று நினைக்கிறேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காய் நறுக்க உட்கார்ந்தால் மறுநாள் பந்தி முடியும்வரை அவருக்கு உறக்கம் கிடையாது. தொடர் முகூர்த்தம் என்றால் இரண்டு மூன்று இரவுகள் அப்படியே போகும். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று எனக்குப் பாடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டாக்டரும் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்டிருந்தார். ஆனால் லேகியத்தை ஆடியில் ஆரம்பித்ததை யாருமே யோசிக்கவில்லை. நல்ல காரியத்தை ஆடியில் ஆரம்பிக்க மாட்டோம், வேலை இல்லாத மாதம் என்று மருந்தை மட்டும் ஆரம்பித்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சிவசைலம் குதித்தார்.

"அப்போ லேகியம் கேக்கலன்னு சொல்லுதீயளா?"

"கேக்கலன்னு சொல்லல. ஆடியில நின்னதை நான் நம்ப மாட்டேன். ஆவணியில நிக்கட்டும், நம்புதேன். தாசில்தார் கல்யாணத்துக்குப் போம். லேகியத்தையும் தின்னும், மாத்திரையையும் போடும். ஆனா அடுப்பை நெருங்கக் கூடாது. தள்ளி நாற்காலி போட்டு உக்காந்து வாயால வேலை வாங்கும்."

"தவசுப்பிள்ளை அடுப்புக்குப் போகக்கூடாதுன்னா, மாப்பிள்ளை மணவறைக்குப் போகாம தள்ளி உக்காந்து தாலி கட்டணும்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு!"

"விழுந்து வெந்தீருன்னா மாப்பிள்ளைக்கு வடை கிடையாது வே" என்றேன். ஆத்திரத்தில், ஆண்கள் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ளும் 'வே' வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டார். பிரம்மநாயகி சிரிக்கவில்லை. "நானும் கூட வருவேன். உங்க துண்டைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே நிப்பேன். சம்மதம்னா போங்க, இல்லைன்னா வெத்தலையைத் திருப்பிக் குடுங்க" என்றாள்.

ஆவணி முதல் முகூர்த்தம். விடிந்ததும் நான் மண்டபத்துக்குப் போனேன். சமையல்கட்டில் புகை மண்டிக் கிடந்தது. சிவசைலம் அடுப்புகளுக்கு எதிரே, தேங்காய் துருவுகிறவர்களுக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. பிரம்மநாயகி சொன்னபடியே பின்னால் நின்று, அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டின் முனையைக் கையில் சுற்றி வைத்திருந்தாள்.

"பாத்தீயளா சிஸ்டர், கல்லு மாதிரி இருக்கேன்" என்றார்.

மேளம் தொடங்கியது. பாயசம் கிண்டிக்கொண்டிருந்த ஆள் வாசல் பக்கம் வேடிக்கை பார்த்தான். "ஏலே, கிண்டுலே! அடிப்பிடிக்கி!" என்று கத்தியபடி சிவசைலம் எழுந்தார். ஒரு எட்டு வைத்தார். பிரம்மநாயகி துண்டை இழுத்தாள். துண்டோடு அவர் உடம்பும் பின்பக்கம் சாய்ந்தது. முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, பல் கடித்து, கை விறைத்தது. துருவிய தேங்காய்க் குவியலுக்கு மேல் விழுந்தார்.

பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தேன். வாயில் எதையும் திணிக்க விடவில்லை. துண்டை அவிழ்த்து மடித்துத் தலைக்கடியில் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஒருவன் ஜல்லிக்கரண்டியோடு ஓடிவருகிறான்.

"கீழ போடுலே, மூதி!" என்று நான் போட்ட சத்தம் மணவறை வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

வலிப்பு அடங்கிக் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பாயசம் அடிப்பிடிச்சுட்டா?"

"இல்ல. நீங்க பிழைச்சுட்டீய" என்றாள் பிரம்மநாயகி.

அன்று முழுவதும் அவரை வீட்டில் தூங்க வைத்தோம். மாலையில் எழுந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லேகியமும் தின்றாயிற்று, மாத்திரையும் போட்டாயிற்று, ஒரு இரவு முழித்ததும் எல்லாம் தோற்றுப்போயிற்று. அதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அறைக்குள் எழுந்து நடப்பார், உட்காருவார், மறுபடி நடப்பார். "அப்போ நான் என்னதான் செய்ய? அடுப்பு இல்லைன்னா நான் யாரு?" என்று கேட்டார்.  எனக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கம் இல்லை.

அந்த நேரத்தில்தான் தாசில்தார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மறுநாள் மறுவீட்டு விருந்து. மறுவீட்டில் எங்கள் திருநெல்வேலிச் சைவர்களுக்குச் சொதி இல்லாமல் முடியாது. தேங்காய்ப் பாலில் காய்களைப் போட்டு வைக்கும் குழம்பு அது. மாப்பிள்ளை வீட்டார் அதை வைத்துத்தான் பெண் வீட்டை எடை போடுவார்கள். சொதிக்கு யாரை ஏற்பாடு செய்வது என்று தாசில்தார் கேட்டு அனுப்பியிருந்தார்.

சிவசைலம் வேறு ஒரு தவசுப்பிள்ளையின் பேரைச் சொல்ல வாயெடுத்தார். பிரம்மநாயகி குறுக்கே வந்தாள்.

"மறுவீடு மத்தியானச் சாப்பாடுதானே? அதுக்கு ராத்திரி முழிக்க வேண்டாம்லா?"

வந்த ஆள் விழித்தான். சிவசைலம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நல்லாத் தூங்கிட்டுப் போம். பக்கத்துல ஆள் இல்லாம அடுப்பைத் தொடாதீரும். எண்ணெய்ச் சட்டி கிடையவே கிடையாது" என்றேன்.

"சொதிக்கு எண்ணெய்ச் சட்டி எதுக்கு? சொதி கொதிக்கவே கூடாது சிஸ்டர். கொதிச்சா பால் திரிஞ்சு போகும்" என்றார். குரலில் பழைய அதட்டல் கொஞ்சம் திரும்பியிருந்தது.

அதன் பிறகு அவர் முகூர்த்தச் சமையலுக்கு வெற்றிலை பாக்கு மாற்றவில்லை. மறுவீடு மட்டும்தான். மற்ற தவசுப்பிள்ளைகள் அவரைச் 'சொதிப்பிள்ளை' என்று கேலி செய்தார்கள். முதல் வருஷம் அந்தப் பேரைக் கேட்டால் முகம் சுருங்கும். முகூர்த்த நாட்களில் அதிகாலையில் எங்கிருந்தாவது மேளச் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருப்பார். அடுத்த பங்குனியில் காய்ச்சலோடு ஒரு தடவை வலிப்பு வந்தது. அதற்குப் பிறகும் எப்போதாவது வந்தது, பெரும்பாலும் வீட்டில். டாக்டர் மாத்திரையை மாற்றினார். அசன் முகம்மது வைத்தியர் லேகியத்தைத் தானே நிறுத்திவிட்டார். "உமக்கு இது கேக்கலண்ணாச்சி. கேக்காததைத் தின்னக் கூடாது" என்றாராம். அந்தச் செடிக்கு வலிப்பை நிறுத்துகிற குணம் இருக்கிறதா என்று கேட்டால் நான் இப்போதும் தெரியாது என்றுதான் சொல்வேன். இருந்தால் ஒரு நாள் யாராவது அளந்து பிரித்துக் கண்டுபிடிக்கட்டும். சிவசைலத்துக்கு, அந்த டப்பாவில் இருந்த அளவில், அந்த வேலையோடு அது வலிப்பை நிறுத்தவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆனால் ஊரில் பேச்சு நிற்கவில்லை. சிவமூலி தின்று சிவசைலத்துக்கு வலிப்பு நின்றது என்று யாரோ கிளப்பிவிட, கல்லிடைக்குறிச்சியிலிருந்தெல்லாம் பிள்ளைக்கு, தம்பிக்கு என்று ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். அப்படி ஒரு கார்த்திகையில் நான் அங்கே இருக்கும்போதே ஒருவர் வந்தார். தம்பிக்குச் சிவமூலி லேகியம் கொடுத்து வருவதாகவும், மாதக்கணக்கில் வலிப்பே இல்லை என்றும், ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்க வந்ததாகவும் சொன்னார்.

சிவசைலம் தேங்காயை உடைத்துத் தண்ணீரைச் செம்பில் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"உங்க தம்பி என்ன சோலி பாக்காரு?"

"பஸ் ஸ்டாண்டுல பூக்கட்டி விக்கான் அண்ணாச்சி. ராத்திரியெல்லாம் முழிச்சுக் கட்டணும்."

"லேகியம் எந்த மாசம் ஆரம்பிச்சீரு?"

"புரட்டாசியில."

"அப்ப கடையில வியாபாரம் எப்படி?"

"புரட்டாசியில சரஸ்வதி பூசையை விட்டா எங்க வியாபாரம்? கல்யாணம் இல்லாத மாசம்லா. ஐப்பசியிலயும் மழையில கடையை மூடிட்டு வீட்டுலதான் கிடந்தான்."

சிவசைலம் செம்பைக் கீழே வைத்தார். "உக்காரும் வே" என்றார். "மாத்திரையில கை வைக்காதீரும். மொதல்ல நான் சொல்லுததைக் கேளும்."